குவளையில் தொடங்கிய வழக்கு: பாகிஸ்தான் கிறிஸ்தவர்களின் நிலை

2009 ஜூன் மாதம். பாகிஸ்தான் பஞ்சாபில், குருநானக் பிறந்த நன்கானா சாஹிப் மாவட்டத்தில் இட்டன்வாலி என்றொரு கிராமம். கோடை உச்சத்தில் அங்கே ஃபால்ஸா பழம் பறிப்பார்கள். சுண்டைக்காய் அளவு, நாவல்பழ நிறம், புளிப்பும் இனிப்புமான ருசி. சர்பத் போட நல்லது. தோட்டத்தில் கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஆசியா பீபியும் ஒருவர். ஐந்து பிள்ளைகளின் தாய், கிறிஸ்தவர். வெயில் தாளாமல் தண்ணீர் மொண்டு வந்து மற்றவர்களுக்கும் நீட்டினார். கூட வேலை செய்த இரண்டு சகோதரிகள், கிறிஸ்தவள் கையால் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்றார்கள். வாய்ச்சண்டை வந்தது. ஐந்து நாள் கழித்து, அந்தத் தோட்டத்தில் கால்வைக்காத உள்ளூர் மௌலவி ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். ஆசியா நபிகள் நாயகத்தை இழிவாகப் பேசினார் என்பது புகார். 2010 நவம்பரில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள்.

இந்த வழக்கைப் பற்றி உலகம் முழுக்க எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் இரண்டு மதங்களின் மோதலாகவே அது எழுதப்பட்டது. எனக்கோ அந்தக் குவளைதான் கண்ணில் நிற்கிறது. வேற்று மதத்துக்காரர் தொட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று இஸ்லாத்தில் விதி கிடையாது. யூதர், கிறிஸ்தவர் சமைத்த உணவு ஆகுமானது என்று குர்ஆனே சொல்கிறது. அப்படியானால் அந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது? இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த ஊரிலிருந்து வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாகிஸ்தானின் 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 24 கோடி. கிறிஸ்தவர்கள் சுமார் 33 லட்சம், அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிகள். கோவாவிலிருந்து கராச்சிக்குப் போய்க் குடியேறிய கத்தோலிக்கர்கள் சிறு கூட்டம். அவர்கள் கதை வேறு. பஞ்சாபிக் கிறிஸ்தவர்களின் கதை சியால்கோட் பக்கம் 1873இல் தொடங்குகிறது. தித் என்ற பெயருடைய, கால் ஊனமான ஒரு தோல் வியாபாரி அந்த ஆண்டு அமெரிக்க பிரஸ்பிடீரியன் மிஷனிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். அவர் சூஹ்ரா சாதி. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாணம் வாருவது, மலம் அள்ளுவது, அறுவடைக் கூலி வேலை இவையெல்லாம் அந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்ட தொழில்கள். மிஷனரிகள் அதுவரை படித்த மேல்சாதிக்காரர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். தித்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே பாதிரியார் தயங்கியதாகச் சொல்வார்கள். வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், தன் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்தச் சாதியின் பெரும்பகுதி, ஊர் ஊராக, கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டு நடத்திய மதமாற்றம் என்று பலர் நினைக்கிற இது, உண்மையில் ஒரு தோல் வியாபாரி கால்நடையாகச் செய்த வேலை.

மதம் மாறியது, பெயர் கூட மாறியது. பெயருக்குப் பின்னால் மஸீஹ், அதாவது மெசியா, என்று சேர்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் பழைய சாதி அப்படியே இருந்தது. இன்றைக்கும் பாகிஸ்தானில் ஒரு கிறிஸ்தவரைத் திட்ட வேண்டுமென்றால் சூஹ்ரா என்ற ஒரு சொல் போதும். ஈசாயி என்ற உருதுச் சொல்லுக்கு ஏசுவைப் பின்பற்றுபவர் என்றுதான் பொருள். ஆனால் பேச்சில் அது துப்புரவுக்காரர் என்றே ஒலிப்பதால், எங்களை மஸீஹி என்று அழையுங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். பெயரை மாற்றினால் பின்னாலேயே பழைய பொருளும் வந்து ஒட்டிக்கொள்வதை நாமும் பார்த்திருக்கிறோம்.

பிரிவினை இந்த நிலையை இன்னும் கெடுத்தது. பஞ்சாபிக் கிறிஸ்தவர்களில் பலர் சீக்கிய நிலக்கிழார்களின் வயலில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். 1947இல் சீக்கியர்கள் கிழக்கே ஓடினார்கள். அந்த நிலங்கள் அங்கிருந்து வந்த முஸ்லிம் அகதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அகதிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே உழுதார்கள். பண்ணையாளுக்கு வேலையும் போனது, குடியிருந்த மண்ணும் போனது. லாகூர், கராச்சி, பின்னாளில் இஸ்லாமாபாத் என்று நகரங்களுக்கு நடந்தார்கள். அங்கே இவர்களுக்கென்று ஒரே ஒரு வேலை காத்திருந்தது. அதே காலத்தில் கராச்சியில் இன்னொன்றும் நடந்தது. இந்தியாவுக்குக் கிளம்ப நினைத்த இந்து துப்புரவுத் தொழிலாளர்களை, அத்தியாவசியப் பணி என்று சொல்லிப் போகவிடாமல் பாகிஸ்தான் அரசு தடுத்தது. அதை எதிர்த்து அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். புதிய நாட்டுக்கு யார் தேவையில்லையோ, மலம் அள்ள அவர்கள் தேவைப்பட்டார்கள்.

இன்றும் பாகிஸ்தானில் துப்புரவு வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நகராட்சிகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும்போது, துப்புரவுப் பணியிடத்துக்கு மட்டும் முஸ்லிமல்லாதவர்கள் விண்ணப்பிக்கவும் என்று வெளிப்படையாகவே போட்டுவந்தார்கள். அரசு வேலையில் சிறுபான்மையினருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு 2009இல் வந்தது. நல்ல சட்டம். அது நிரம்பியது பெரும்பாலும் கடைசிப் படி வேலைகளில். மேல் பதவிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. 2017 ரமலான் மாதத்தில் சிந்து மாநிலம் உமர்கோட்டில், பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி விஷவாயு தாக்கிய ஒரு கிறிஸ்தவத் தொழிலாளியை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். நோன்பு வைத்திருக்கிறேன், அவர் உடம்பைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதாகவும், கழுவுவதற்குள் உயிர் போய்விட்டதாகவும் குடும்பத்தார் சொன்னார்கள். வழக்குப் பதிவானது.

இஸ்லாமாபாதின் வசதியானவர்கள் வாழும் எஃப்-7 பகுதியில், பெரிய பங்களாக்களுக்கு நடுவே ஓடைக்கரையில் பிரெஞ்சு காலனி என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. பெயர்தான் பிரெஞ்சு, உள்ளே இருப்பவர்கள் அந்த பங்களாக்களில் கூட்டிப் பெருக்கும் கிறிஸ்தவர்கள். காலனி என்ற சொல்லுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே அர்த்தம் வந்து சேர்ந்திருப்பது தற்செயல்தானா என்று தெரியவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். பாகிஸ்தானின் மத நிந்தனைச் சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் அதற்கு அடித்தளம். வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று சொன்ன பழைய 295ஆம் பிரிவுக்கு, 1927இல் 295-ஏ என்று ஒரு வால் முளைத்தது. நபிகள் நாயகத்தைக் கேலி செய்து லாகூரில் வெளியான ஒரு சிறு புத்தகம் கிளப்பிய கொந்தளிப்புதான் காரணம். வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு ஒரு மதத்தாரின் உணர்வைப் புண்படுத்தினால் குற்றம் என்றது அது. அந்தப் பிரிவு எல்லைக்கு இந்தப் பக்கமும் பல தலைமுறை இருந்தது. இப்போது எண் மாறி, இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான நியாய சம்ஹிதையில் உட்கார்ந்திருக்கிறது.

வேண்டுமென்றே, உள்நோக்கத்தோடு என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியில் அவைதான் காணாமல் போயின. 1982இல் 295-பி வந்தது. குர்ஆனை அவமதித்தால் ஆயுள் தண்டனை. 1984இல் அகமதியாக்கள் என்ற சிறுபான்மைப் பிரிவினர் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாக்கப்பட்டது. 1986இல் 295-சி. நபிகள் நாயகத்தின் பெயருக்குச் சொல்லாலோ எழுத்தாலோ உருவத்தாலோ, ஜாடைமாடையாகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ களங்கம் கற்பித்தால் மரணம் அல்லது ஆயுள். 1990இல், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்தவையா என்று பார்க்கும் மத்திய ஷரீயத் நீதிமன்றம், மரணம் ஒன்றே தண்டனை என்று தீர்ப்பளித்தது. இந்தப் பிரிவில் உள்நோக்கம் என்ற பேச்சே இல்லை. ஜாடைமாடையாக, மறைமுகமாக என்ற சொற்களை வைத்துக்கொண்டு எதைத்தான் குற்றமாக்க முடியாது?

ஜியாவுக்கு முன்னால் இப்படிப்பட்ட வழக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதன் பிறகு குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2000க்கும் மேல். அவர்களில் அதிகம் பேர் முஸ்லிம்கள்தான். இதைச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகிவிடும். ஆனால் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லாத கிறிஸ்தவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் அளவுக்குப் பல மடங்கு அதிகமாக இருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ் பாகிஸ்தான் அரசு இன்றுவரை ஒருவரைக்கூடத் தூக்கிலிட்டதில்லை. கீழ்நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கின்றன. மேலே போனால் பெரும்பாலும் விடுதலை. அப்படியானால் என்ன பயம் என்று கேட்கலாம். இடையில் இருக்கும் ஆண்டுகள்தான் பயம். 2001இல் கைதான, மனநோயுள்ள ஒரு கிறிஸ்தவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் விடுதலை செய்தது. அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். கோஜ்ராவைச் சேர்ந்த ஒரு தம்பதி, ஆங்கிலத்தில் மத நிந்தனைக் குறுஞ்செய்தி அனுப்பியதாக 2014இல் மரண தண்டனை பெற்றார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாது, ஆங்கிலம் எங்கே தெரியப்போகிறது? லாகூர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க 2021 ஆகிவிட்டது. விடுதலையான பிறகும் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாது. நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது பெயரை மறைத்து எங்கோ வாழ வேண்டும்.

தூக்குமேடை செய்யாததைத் தெரு செய்கிறது. மத நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, தீர்ப்புக்கு முன்போ பின்போ கும்பலாலும் தனி ஆட்களாலும் கொல்லப்பட்டவர்கள் 80க்கும் மேல். நீதிபதிக்கும் இதே கதி வரலாம். பள்ளிவாசல் சுவரில் எழுதியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு சிறுவனையும் அவனோடு வழக்கில் இருந்த இன்னொருவரையும் 1995இல் விடுவித்தவர் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி. 1997இல் அவரது அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மாவட்ட நீதிபதி, வாசலில் ஆயிரம் பேர் கோஷம் போட, சாட்சியை எடைபோட்டுத் தீர்ப்பு எழுத வேண்டும். பாதுகாப்பான வழி தண்டித்துவிட்டு மேல்முறையீட்டுக்கு அனுப்புவது. அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1998 மே 6ஆம் தேதி, பைசலாபாத் கத்தோலிக்க ஆயர் ஜான் ஜோசப் சாஹிவால் நீதிமன்றத்தின் முன்னால் போய் நின்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். ஒரு கிறிஸ்தவ இளைஞருக்கு அந்த நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததற்கான எதிர்ப்பு அது. தற்கொலையைப் பாவம் என்று சொல்லும் திருச்சபையின் ஆயர் எடுத்த முடிவு. அந்த இளைஞர் 2002இல் உச்ச நீதிமன்றத்தில் விடுதலையானார். அவர் குடும்பம் குடியிருந்த மனை புகார் கொடுத்தவர் கைக்குப் போயிருந்ததை வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

மனை என்ற சொல் இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும். லாகூர் பாதாமி பாகில் இரும்புக் கிடங்குகளுக்கு நடுவே ஜோசப் காலனி இருக்கிறது. 2013 மார்ச்சில், சேர்ந்து குடிக்கும் இரண்டு நண்பர்களுக்குள் தகராறு. ஒருவர் முஸ்லிம், முடிதிருத்துபவர்; மற்றவர் கிறிஸ்தவர், துப்புரவுத் தொழிலாளி. மத நிந்தனை செய்தான் என்று புகார் வந்தது. வீடுகளைக் காலி செய்துவிட்டுப் போங்கள் என்று காவல்துறையே மக்களை வெளியேற்றியது. மறுநாள் கும்பல் வந்து, காலியாகக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியது. இரும்பு வியாபாரிகளுக்கு அந்த நிலத்தின் மேல் நெடுநாளாகவே கண் என்று குடியிருந்தவர்கள் சொன்னார்கள். தீ வைத்ததாகப் பிடிபட்ட 115 பேரும் 2017இல் விடுதலையானார்கள். வாயால் சொன்னதாகக் கூறப்பட்டவர் மட்டும் மரண தண்டனைக் கைதியாக 2020 அக்டோபர் வரை உள்ளேயே இருந்தார்.

காலனிகள் எரிவது இது முதல் தடவையும் இல்லை. 1997இல் கானேவால் அருகே சாந்தி நகர், 2009இல் கோஜ்ரா. கோஜ்ராவில் ஒரே குடும்பத்தினர் உட்படக் குறைந்தது 7 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் வரிசை மாறாது: கிழிந்த பக்கம் ஒன்று, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள், தாமதமாக வரும் போலீஸ்.

2014 நவம்பரில் கசூர் மாவட்டம் கோட் ராதா கிஷனில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சாதியும் கூலியும் மதமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு கிறிஸ்தவத் தம்பதி. பஞ்சாபின் சூளைகளில் முன்பணத்தை பேஷ்கி என்பார்கள். நம் ஊர்ச் சூளைகளில் அட்வான்ஸ் என்கிறோமே, அதே சங்கிலிதான். வாங்கிய பணம் அடையும் வரை குடும்பத்தோடு கல் அறுக்க வேண்டும். அது அடையவே அடையாது. குர்ஆன் பக்கங்களை எரித்ததாக வதந்தி பரவியதும், கணவன் மனைவி இருவரையும் அடித்து, எரிகிற சூளையிலேயே போட்டார்கள். மனைவி கர்ப்பிணி. கடனைக் கொடுக்காமல் போகக் கூடாது என்று அவர்களைச் சூளையில் பூட்டி வைத்திருந்ததாக உறவினர்கள் சொன்னார்கள். தப்பி ஓட அவர்களுக்கு வழி இருக்கவில்லை. இந்த வழக்கில் 2016இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இப்படித் தண்டனை வரை போகும் வழக்குகள் அபூர்வம்.

வெடிகுண்டுகள் வேறு வகை. 2013 செப்டம்பரில் பெஷாவரின் ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வந்தபோது இரண்டு தற்கொலைப் படையாட்கள் வெடித்ததில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015இல் லாகூர் யோஹனாபாத், 2017 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் குவெட்டா. குண்டு வைத்த தீவிரவாத அமைப்புகள் ஷியா பள்ளிவாசலிலும் சூஃபி தர்காவிலும் ராணுவப் பள்ளியிலும் இதையேதான் செய்தன. கிறிஸ்தவர்களிடம் கேட்டால், குண்டைவிடப் பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் குழாயடிச் சண்டைக்குத்தான் அதிகம் பயம் என்பார்கள் போலிருக்கிறது. குண்டு என்றைக்கோ ஒருநாள், குழாயடி தினமும்.

இதற்கு எதிராகப் பேசியவர்கள் யார்? பெரும்பாலும் முஸ்லிம்கள். பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் சிறைக்கே போய் ஆசியா பீபியைப் பார்த்தார், கருணை காட்டக் கோரினார், இந்தச் சட்டம் கறுப்புச் சட்டம் என்றார். 2011 ஜனவரி 4 அன்று இஸ்லாமாபாத் கோசார் சந்தையில் அவருடைய மெய்க்காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடத்தப் பெரிய இமாம்கள் யாரும் முன்வரவில்லை. கொலையாளியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது வழக்கறிஞர்கள் ரோஜா இதழ் தூவினார்கள். சட்டம் படித்தவர்கள்! இரண்டே மாதத்தில், மார்ச் 2ஆம் தேதி, சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவர் அவர். பைசலாபாத் பக்கம் குஷ்பூர் என்ற கத்தோலிக்கக் கிராமத்துக்காரர். தாசீரைக் கொன்றவர் 2016இல் தூக்கிலிடப்பட்டார். இஸ்லாமாபாதின் ஓரத்தில் அவர் கல்லறை இன்று ஒரு தர்கா.

ஆசியா பீபி வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். தீர்ப்பு படிக்க வேண்டிய ஒன்று. ஆசியா ஊர்க்கூட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது அரசுத் தரப்பு. அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் ஒரு சாட்சி நூறு என்கிறார், இன்னொருவர் இரண்டாயிரம் என்கிறார். கூட்டம் யார் வீட்டில் நடந்தது என்பதிலும் ஒத்துவரவில்லை. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நீதிபதி ஆசிஃப் சயீத் கோசா சுட்டிக்காட்டுகிறார். அந்தச் சகோதரிகள் இருவரும் தங்கள் சாட்சியத்தில் தண்ணீர்த் தகராறைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் நடந்த சண்டையை மற்ற சாட்சிகள் சொல்கிறார்கள், போலீஸ் சொல்கிறது, ஆசியா சொல்கிறார். புகார் தரப்பு மட்டும் மறைக்கிறது. ஒன்பது ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள், இரண்டு அரசியல் கொலைகள் ஆன பிறகு, வழக்கு திரும்பி வந்து நின்றது அந்தக் குவளையின் முன்னால்தான்.

தீர்ப்பு வந்ததும் அதை எதிர்த்த போராட்டத்தில் மூன்று நாள் நாடு முடங்கியது. நீதிபதிகளைக் கொல்ல வேண்டும் என்று மேடையிலேயே பேசினார்கள். அரசு போராட்டக்காரர்களோடு சமரசம் செய்துகொண்டது. ஆசியாவுக்காக வாதாடிய சைஃபுல் மலூக் நாட்டைவிட்டு ஓடி, மறு ஆய்வு மனு விசாரணைக்காகத் திரும்பி வந்தார். 2019 மே மாதம் ஆசியா கனடா போய்ச் சேர்ந்தார்.

பெண்பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. பதின்மூன்று, பதினான்கு வயதுக் கிறிஸ்தவச் சிறுமி காணாமல் போவாள். சில நாளில் மதமாற்றச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வெளிவரும். கட்டியவருக்கு அவளைப் போல இரண்டு மூன்று மடங்கு வயது. சிந்துவில் 18 வயதுக்குக் கீழே திருமணம் குற்றம் என்று 2013இலேயே சட்டம் உண்டு. ஆனாலும், விருப்பப்பட்டுத்தான் போனேன் என்று சிறுமி நீதிமன்றத்தில் சொல்லும்போது, பருவமெய்தினால் போதும் என்ற பழைய வாதத்தைச் சில நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். இதில் இன்னொரு பக்கமும் இருந்தது. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பெண்ணுக்கு 13 வயதே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி 18 ஆக்கியது 2024இல்தான்.

அரசியலில் கேட்க ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், ஆனால் யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. ஜியா காலத்தில் சிறுபான்மையினருக்குத் தனித் தொகுதி முறை. கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்கு மட்டுமே ஓட்டுப் போடலாம். 2002இல் அது போனது. இப்போது தேசிய சபையில் முஸ்லிமல்லாத எல்லாருக்கும் சேர்த்து 10 ஒதுக்கீட்டு இடங்கள். அவற்றைக் கட்சிகளே பட்டியல் போட்டு நிரப்புகின்றன. அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைவர். அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

1947 ஆகஸ்ட் 11 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜின்னா பேசியதை இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மேடைகளில் வாசிக்கிறார்கள். நீங்கள் எந்த மதத்தை, எந்தச் சாதியை, எந்தக் கொள்கையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், அதற்கும் அரசின் காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். மதத்தோடு சேர்த்துச் சாதியையும் ஜின்னா சொன்னார் என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்கிறார்களா, தெரியவில்லை. அந்த நாட்டில் சாதி கிடையாது என்பதுதான் எல்லாரும் சொல்கிற பதில். ஏ.ஆர். கொர்னீலியஸ் என்ற கிறிஸ்தவர் 1960 முதல் எட்டு ஆண்டுகள் பாகிஸ்தானின் தலைமை நீதிபதியாக இருந்தார் என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், நல்ல நீதிபதி. அவர் ஆக்ராவில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து, வெள்ளைக்காரர் கால உயர் ஆட்சிப் பணியான ஐசிஎஸ் ஆனவர். அவர் கையால் யாரும் தண்ணீர் வாங்க மறுத்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, பாருங்கள், அந்த நாடே அப்படித்தான் என்று இங்கே மார்தட்டிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கலந்தது 2022இல். அதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக ஜரன்வாலா. பைசலாபாத் மாவட்டத்துச் சிறு நகரம். 2023 ஆகஸ்ட் 16 காலையில், கிறிஸ்தவக் குடியிருப்பு ஒன்றின் அருகே சிவப்பு மையால் இழிவாகக் கிறுக்கப்பட்ட குர்ஆன் பக்கங்கள் கிடந்தன. அவற்றோடு இரண்டு கிறிஸ்தவச் சகோதரர்களின் படமும் விலாசமும்கூட இருந்தனவாம். குற்றம் செய்கிறவர் தன் படத்தையும் விலாசத்தையும் ஒட்டிவைத்துவிட்டா போவார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது கேட்க நேரமில்லை. ஒலிபெருக்கி அழைத்தது. மாலைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களும் எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகளும் எரிந்தன. கல்லறைத் தோட்டத்தையும் விடவில்லை. தனிப்பட்ட பகையில் வேறொருவர் அந்தச் சகோதரர்களை மாட்டிவிட்டார் என்பது பிறகு போலீஸ் விசாரணையில் தெரியவந்தது. மாட்டிவிட்டவரும் கிறிஸ்தவர்தான். ஆயுதம் பொதுவில் கிடக்கிறது; எட்டுகிற கை எதுவானாலும் எடுக்கலாம்.

காபந்துப் பிரதமர் வந்து பார்த்தார். வீடிழந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் தரப்பட்டது. எரிந்த ஆலயங்களுக்கு அரசே பழுதுபார்த்து வெள்ளையடித்துக் கொடுத்தது. ஓராண்டு கழித்து ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு கணக்குப் பார்த்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 5213 பேரில் கைதானவர்கள் 380. அவர்களிலும் பெரும்பாலோர் ஜாமீனில் வெளியே. 2024 ஜூலையில் சாஹிவால் நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவ இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. ஜரன்வாலாவில் கிடந்த அந்தப் பக்கங்களின் படத்தை டிக்டாக்கில் பகிர்ந்தார் என்பது அவர்மேல் குற்றச்சாட்டு.

பஞ்சாபிக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் பாடுவது பெரும்பாலும் ஜபூர். தாவீதின் சங்கீதங்களை நூறு ஆண்டுகளுக்கு முன் இமாமுத்தீன் ஷாபாஸ் என்ற போதகர் பஞ்சாபிப் பாட்டாக மாற்றினார். தோலக்கும் ஆர்மோனியமும் சேர்ந்தால் படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடம். ஜரன்வாலாவில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கரிபிடித்த சுவர்களுக்கு நடுவே, தெருவில் நாற்காலி போட்டு ஆராதனை நடத்தினார்கள். வந்தவர்களில் பலர் எரிந்த அன்று இரவைக் கரும்புக் காட்டில் கழித்தவர்கள். சிலரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் உள்ளே ஒளித்துவைத்திருந்தன.